கப்பலில் தண்ணீர் இல்லை

யுத்தத்துக்காக என் கணவருக்குக் கிடைத்த மெடல்களை என் மாமியார் புளி போட்டு விளக்கினார். நான் பார்த்தபோது வேலை பாதி முடிந்திருந்தது. கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து, குத்துவிளக்குக்குச் செய்வதுபோலவே புளியைக் கரைத்துத் தடவி, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். ரிப்பன் நனைந்து சாயம் இறங்கி, புளித்தண்ணீர் ஒரு மாதிரி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா அத்தே இது? துணியோட கீறதைப் போய் தண்ணில போடலாமா?" என்றேன்.

"கப்பல்காரன் சாமான் தண்ணில பட்டா இன்னா ஆயிடும்?" என்றார்.

என் கணவர் உள்ளே படுத்தபடியே சிரித்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. சாயம் போன ரிப்பனைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது நாங்கள் ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் வாடகைக்கு இருந்தோம். நாங்கள் என்றால் நானும் மாமியாரும்தான். என் கணவர் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தார். விசாகப்பட்டினத்திலிருந்து லீவு கிடைக்கும்போது வருவார், பெட்டியை முழுசாகப் பிரிப்பதற்குள் கிளம்பிவிடுவார். எழுபத்தொன்றில் நடந்த யுத்தத்துக்கான மெடல்கள் சில வருடம் கழித்துத்தான் அவர் கைக்கு வந்தன. டிசம்பர் மாத லீவில் வந்தவர் அவற்றைச் சட்டை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவந்தார். வந்து இறங்கிய மறுநாளே புளிக்குளியல் நடந்துவிட்டது.

எனக்கு ஊர் பூந்தமல்லி. அப்பா அங்கே லேத் பட்டறை வைத்திருந்தார். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், அதனால்தான் வாய் அதிகம் என்பது மாமியாரின் கட்சி. வாய் எனக்குப் பிறவியிலேயே அதிகம், படிப்பின் மேல் பழி போடக் கூடாது. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை என்று மட்டும் சொன்னார்கள். வெள்ளைச் சட்டை, தொப்பி, காற்று வாங்க மேல்தளம் என்று நானும் மனசுக்குள் ஏதேதோ கட்டி வைத்திருந்தேன். அது தண்ணீருக்கு அடியில் போகிற கப்பல் என்று தாலி ஏறிய பிறகுதான் தெரிந்தது. "முழுவுனா அதுக்குப் பேரு கப்பலா?" என்று என் அப்பா கேட்டார். மாப்பிள்ளை மரியாதையாகச் சிரித்துக்கொண்டார்.

கப்பலில் அவருக்குக் கேட்கிற வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடலுக்குள் எங்கே என்ன சத்தம் வருகிறது என்று கேட்டுச் சொல்ல வேண்டும். அடியில் இருக்கும்போது கண்ணுக்கு வேலை இல்லை, எல்லாம் காதுதான் என்பார். இறால் கூட்டம் கடலை வறுக்கிற மாதிரிப் படபடவென்று சத்தம் போடுமாம். தூரத்தில் போகிற கப்பலைத் தள்ளும் விசிறியின் சத்தத்தை வைத்தே அது சரக்குக் கப்பலா, போர்க்கப்பலா என்று சொல்லிவிடுவாராம். இந்தக் காதை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். வாசலில் உட்கார்ந்தபடியே, "பால் பொங்கப்போவுது" என்று குரல் கொடுப்பார். நான் ஓடிப்போய் இறக்குவேன். பின்கட்டில் நின்று அவர் அம்மாவைப் பற்றி நான் முணுமுணுப்பதும் அவருக்குக் கேட்கும் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

ஒளிந்து நிற்கும் நேரத்தில் கப்பலுக்குள் ஒரு கரண்டி கீழே விழக் கூடாதாம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கதவைச் சத்தமில்லாமல் சாத்துவார், தம்ளரைத் தரையில் வைப்பது தெரியாது. திரும்பினால் பின்னால் நிற்பார். "வரும்போது இருமிட்டாவது வரக்கூடாதா?" என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். அடுத்த முறை இருமுவார். அந்த இருமலும் மெதுவாகத்தான் வரும்.

ஆனால் கிணற்றடிக்குப் போனால் ஆளே வேறு. கப்பலில் நல்ல தண்ணீர் என்பது குடிக்கவும் சமைக்கவும்தான். வாரக்கணக்கில் குளியல் கிடையாது, ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி. துணியிலும் முடியிலும் டீசல் நாற்றம் ஏறிவிடும். பெட்டியைத் திறந்தால் பஸ் டிப்போவுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். "சுத்தித் தண்ணி கீது, குளிக்கத் தண்ணி இல்லையாமே" என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லி ஆச்சரியப்பட்டார். அதனால் லீவில் வந்ததும் அவருடைய முதல் வேலை கிணற்றடிதான். வாளி வாளியாக இறைத்து ஊற்றிக்கொள்வார். சோப்பு ஒரே லீவில் கரையும். கர்ண கொடூரமாகப் பாடுவார். எங்கள் கிணற்றைப் பங்கு போட்டுக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குடத்தோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். அவர் வீட்டுக்காரருக்கு டாங்கி ஃபாக்டரியில் வேலை.

மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் நாற்று நட்டுக் களை பறித்தவர். வயலெல்லாம் தொழிற்சாலையும் குடியிருப்பும் ஆன பிறகு ஃபாக்டரி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கப் போனார். ஒப்பாரி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கோவில்பதாகையில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஆள் அனுப்புவார்கள். செத்தவர் யார், எப்படிப்பட்டவர், எதை விரும்பிச் சாப்பிடுவார் என்று நாலு வார்த்தை விசாரித்துவிட்டு உட்காருவார். பிறகு அவர் பாடுவதைக் கேட்டுப் பகையாளியும் அழுதுவிடுவான். ஒரு காசு வாங்க மாட்டார். பாடி முடித்துத் திரும்பி வந்தால் நேராகக் கிணற்றடிக்குத்தான் போவார். தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் வாசற்படி மிதிக்க மாட்டார். மழையானாலும் காய்ச்சலானாலும் அதில் மாற்றம் இல்லை. அழுததை அங்கேயே கழுவிவிட்டு உள்ளே வர வேண்டும் என்பார்.

எழுபத்தொன்றில் கார்த்திகை தீபத்துக்கு ஏற்றிய அகல்களை எடுத்து வைப்பதற்குள் யுத்தம் வந்துவிட்டது. விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னலுக்கெல்லாம் பழுப்புக் காகிதம் ஒட்டினோம். அவரிடமிருந்து கார்டு வருவது நின்றுபோனது. எங்கே இருக்கிறார் என்று யாரையும் கேட்க முடியாது, கேட்டாலும் தெரியாது. மாமியாரும் நானும் அந்த நாட்களில் சண்டை போடவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் நான் உலை வைக்க அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் காலடிச் சத்தம், பிறகு ஒரு பெண்ணின் அழுகை. நிமிர்ந்தால் தெருப் பெண்கள் பாதிப்பேர் உள்ளே வந்திருந்தார்கள். டீக்கடை ரேடியோவில் செய்தியாம். விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நீர்மூழ்கிக் கப்பல் முழுகிவிட்டது, உள்ளே இருந்த ஒருத்தரும் பிழைக்கவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை, ரேடியோவும் அப்படித்தான் சொல்லியிருந்தது. ஆனால் எங்கள் தெருவைப் பொறுத்தவரை நீர்மூழ்கிக் கப்பல் என்பது உலகத்திலேயே ஒன்றுதான், அதில் எங்கள் வீட்டுப் பிள்ளை வேலை பார்க்கிறது. எதிரியிடமும் அப்படி ஒன்று இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முழுகியது யாருடைய கப்பல் என்று சொல்வதைக் கேட்க ஒருவரும் நிற்கவில்லை. அழ வேண்டிய வீடு எது என்று தெரிந்துவிட்டது, ஓடி வந்துவிட்டார்கள்.

மாமியார் அப்படியே உட்கார்ந்தார். பிறகு, ஊரிலுள்ள சாவுக்கெல்லாம் பாடிய அந்தக் குரலில் சொந்த மகனுக்குத் தொடங்கினார்.

"தண்ணிக்குள்ள இருந்துகினு
தண்ணிக்குத் தவிச்சியே என் நைனா,
ஊட்டுக் கெணறு ரொம்பிக் கெடக்கு
ஒரு வாளி மொண்டு ஊத்த வருவியா..."

என் வாழ்க்கையில் அதுபோல ஒரு குரலை நான் கேட்டதில்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது. பின்னாலிருந்து யாரோ ஒருத்தியின் கை என் தலையில் இருந்த பூவைத் தொட்டது.

"கையை எடு" என்றேன். அவள் எடுத்துவிட்டாள்.

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டீக்கடைக்கு நடந்தேன். எங்கள் தெருவில் பெண்கள் டீக்கடைக்குள் போவது கிடையாது. பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சாவு வீட்டுக்காரிக்குக் காட்டுகிற மரியாதை அது.

"முதல் பக்கம் யாரு கைல கீது? குடுங்க" என்றேன்.

படித்தேன். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தேன். முழுகியது எதிரியின் கப்பல். நம் துறைமுகத்துக்கு வெளியே வந்து பதுங்கியிருந்ததாம். இன்னொரு தடவை படித்தேன். பிறகு அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் ஒரு டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். பாயசம் மாதிரி சர்க்கரை போட்டிருந்தார்.

அந்தத் தாளோடு திரும்பி வந்தபோது மாமியார் நடுப்பாட்டில் இருந்தார்.

"நிறுத்து அத்தே. அது அவனுங்க கப்பல். நம்மளது இல்ல."

உடனே நிறுத்த முடியவில்லை அவரால். எடுத்த அடியை முடித்துவிட்டுத்தான் வாயை மூடினார். பேப்பரை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "சத்தியமா?" என்றார். "சத்தியமா" என்றேன். உள்ளே போய் டப்பாவோடு சர்க்கரையைக் கொண்டுவந்து, அழ வந்த அத்தனை பேர் வாயிலும் அள்ளிப் போட்டார். நானும் தின்றேன், இன்னொரு தடவை கையை நீட்டி வாங்கியும் தின்றேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

கிளம்பும்போது பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "அழுதுட்டம்லா, இப்பம் குளிக்கணுமா, வேண்டாமா?" எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். இந்த விஷயத்தில் அவர் சொல்வதுதான் சட்டம்.

"சாவே இல்லாத சாவுக்கு இன்னா முழுக்கு? போய் அடுப்பப் பாருங்கடி" என்றார்.

சிரித்துக்கொண்டே போனார்கள். முதல் தடவையாக மாமியார் ஒப்பாரி பாடிவிட்டுத் தலை முழுகாமல் இருந்தார்.

முழுகியது அவருடைய கப்பல் இல்லை என்பதுதான் பேப்பரில் இருந்தது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று அதில் இல்லை. சர்க்கரை இனிப்பு போன பிறகு இது எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது, ஆனால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. யுத்தம் முடிந்த பிறகு ஒரு கார்டு வந்தது. நலம், பொங்கலுக்குப் பிறகு வருகிறேன் என்று மட்டும் எழுதியிருந்தார். இவ்வளவுதானா எழுதத் தெரியும் என்று அந்தக் கார்டோடு சண்டை போட்டுவிட்டு, அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன்.

வந்தார். ஆவடி ஸ்டேஷனிலிருந்தே மாலை போட்டு அழைத்துவந்தார்கள். இளைத்திருந்தார், தாடி வளர்ந்திருந்தது. மாமியார் ஆரத்தி எடுத்தார். உட்கார வைத்துக் காபி கொடுத்ததும் முதல் வேலையாக டிசம்பர் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். தெருவே அழுதது, நான் டீக்கடைக்குப் போனது, சர்க்கரை கொடுத்தது எல்லாம். நன்றாகவே சொன்னார். கூட்டம் சிரித்தது. என் கணவரும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சர்க்கரை இடம் வந்ததும் அவர் சிரிப்பு நின்றது. காபித் தம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

இனி ஒரு மணி நேரம் ஆகும் என்று நான் சோப்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பாட்டு இல்லை. போட்டிருந்த பேன்ட் சட்டையோடு நின்று, வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார். இன்னொரு வாளி. அவ்வளவுதான். துடைத்துக்கொள்ளாமல் சொட்டச் சொட்ட நின்றார். எங்கள் பக்கத்தில் அது எந்தக் குளியல் என்று குழந்தைக்கும் தெரியும்.

மாமியார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "எவன் செத்தான்னு தலை முழுவுற? நல்ல நாளும் அதுவுமா உயிரோட வந்துகினு..."

"அந்தக் கப்பல் முழுவின சேதி வந்தப்போ நாங்க கடல்ல இருந்தோம்மா" என்றார். "சாவு சேதி கேட்டா தலைல தண்ணி ஊத்திக்கணும் இல்ல? கப்பல்ல தண்ணி இல்ல. இப்போ ஊத்திக்கினேன்."

"அவனுங்க உனக்கு இன்னா பங்காளியா? உன்னியக் கொல்ல வந்தவனுங்கடா."

"ஆமா. கொல்லத்தான் வந்தான். நானும் அதுக்குத்தானே போனேன்."

எனக்கும் கோபம் வந்தது. "நீங்க செத்துட்டீங்கன்னு இங்க அழுதாங்க. அதுக்கு ஒரு வார்த்தை கேக்கல, எவனுக்கோ போய் முழுக்கா?" என்றேன்.

என்னைப் பார்த்தார். "அந்தக் கப்பல்லயும் ஒருத்தன் ஹெட்போன மாட்டிகினு உக்காந்திருப்பான். என் வேலைதான் அவனுக்கும். எனுக்குக் கேக்குற மாதிரியே அவனுக்கும் எல்லாம் கேட்டிருக்கும். கடைசி வரைக்கும் கேட்டிருக்கும்."

நான் துண்டை நீட்டினேன். மாமியாருக்கு மட்டும் ஆறவில்லை. அந்த லீவு முழுக்க மகனுக்குச் சோறு போட்டார், பேச்சுக் கொடுக்கவில்லை. அதன் பிறகு அந்தக் கதையை யாரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

இப்போது மெடலுக்கு வருகிறேன். புளிக்குளியல் முடிந்து, மெடல்கள் பளபளவென்று முறத்தில் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்று நட்சத்திர வடிவம், மற்றவை வட்டம். வட்டமானவற்றின் விளிம்பில் அவர் நம்பரும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருந்தன. பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் பார்க்க வந்தார். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இது அந்தக் கப்பல முக்கினதுக்குக் குடுத்ததா தம்பி?" என்று கேட்டார். மாமியார் காதைத் தீட்டிக்கொண்டார்.

"நாங்க எதையும் முக்கல அண்ணே. காத்துகினு கெடந்தோம், திரும்பி வந்தோம். இது போனவங்க எல்லாருக்கும் குடுக்கிறதுதான். அவங்க ஊர்லயும் குடுத்திருப்பாங்க."

"செத்தவனுக்கு எப்படிடா குடுப்பாங்க?" என்று மாமியார் கேட்டார். அந்தப் பேச்சை அவராக எடுத்தது அன்றைக்குத்தான்.

"அவன் அம்மா கைல குடுப்பாங்க."

பெண்டாட்டி இருந்தால் அவள் கையில்தான் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை, நானும் திருத்தவில்லை.

மாமியார் முறத்திலிருந்து நட்சத்திரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "அப்போ இது என் கைக்கு வந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். காய்வதற்குள்ளேயே எல்லாவற்றையும் முந்தானையில் துடைத்து மகனிடம் கொடுத்தார். "நீயே வெச்சிக்கோ. இனிமே என் கைல குடுக்காத" என்று சொல்லிவிட்டு மாவரைக்கப் போனார்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது கிணற்று இராட்டினத்தின் சத்தம் கேட்டது. அவர்தான் குளிக்கிறார் என்று நினைத்தேன், ஆனால் பாட்டு இல்லை. திரும்பிப் பார்த்தால் அவர் எனக்குப் பக்கத்தில் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். எனக்கு முன்பே அவருக்குக் கேட்டிருக்கும்.

இரண்டு பேரும் எழுந்து பின்பக்கம் போனோம். பனி விழுந்துகொண்டிருந்தது. மாமியார் கட்டிய புடவையோடு கிணற்றடியில் நின்றிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. நான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"இன்னா அத்தே, இந்தக் குளிர்ல யாருக்கு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, மகனைத்தான் பார்த்தார்.

"அன்னிக்கு அவ்ளோ நேரம் அழுதேன் இல்ல? அது அவனுங்களுக்குத்தான்டா போயிருக்கும். முழுவாம உட்டுட்டேன்" என்றார்.